சாவு வீட்டில் ஒரு வார்த்தை நோட்டு

சாவு வீட்டில் ஆங்கிலப் பாடம் நடத்தியவன் நான். பத்து வருஷம் கழித்து இதை எழுதும்போதும் காது சூடாகிறது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ஆலங்குடியில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். மாணவர்கள் குழப்பிக்கொள்ளும் ஆங்கில வார்த்தைகளை ஜோடி ஜோடியாக எழுதி, வித்தியாசத்தை விளக்கி ஒரு நோட்டு வைத்திருந்தேன். எங்கே போனாலும் அது கூடவே வரும். (பெண் பார்க்கப் போனபோதும் வந்தது. பெண் அமையவில்லை.)

ஒருநாள் விடியற்காலையில் என் தாய்மாமா நெஞ்சுவலியில் இறந்துபோனார். ஒரே மகன் செல்வம் துபாயில் கட்டட வேலையில் இருந்தான். அவன் வந்துதான் கொள்ளி வைக்கவேண்டும். வீட்டிலிருந்து ஆங்கிலத்தில் தகவல் வந்தால்தான் மேனேஜர் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுப்பாராம். அன்றைக்குத் திருச்சி வர அவனுக்குக் கிடைத்தது ஒரே விமானம்.

"மாப்ள, ஒங்களத்தான் நம்பியிருக்கோம். ரெண்டு வரி எழுதி அனுப்புங்க" என்று அத்தை அழுதுகொண்டே மேனேஜர் நம்பரைக் காட்டி போனை நீட்டினார்.

(இரண்டு வரியில் நிற்கிற ஆளா நான்?)

பந்தலில் ஓரமாக உட்கார்ந்து 'அர்ஜென்ட்' என்று அடித்தேன். அழித்தேன். அர்ஜென்ட் என்பது சீக்கிரம் செய்யவேண்டியது. எமர்ஜென்சி என்பது எதிர்பாராமல் வந்த ஆபத்து. மாமாதான் போய்விட்டாரே, இனி என்ன ஆபத்து? நோட்டைப் புரட்டினேன். கொட்டுக்காரர்கள் டீ குடித்துவிட்டு வந்து மறுபடியும் அடிக்க ஆரம்பித்தார்கள். நான் மூன்றாவது வரைவில் இருந்தேன்.

மாமா மகள் மலர் வீங்கிய கண்களோடு வந்தாள்.

"மச்சான், அனுப்பிட்டீங்களா?"

"இரு மலரு. சிம்பதி வேற, எம்பதி வேற. மேனேஜர்கிட்ட நாம எதை எதிர்பாக்குறோம்னா..."

"எங்கப்பா செத்துட்டாரு மச்சான்" என்றாள். போனைப் பிடுங்கினாள். அப்பா இறந்துவிட்டார், அண்ணனை அனுப்புங்கள் என்று தனக்குத் தெரிந்த நாலு ஆங்கில வார்த்தைகளில் தட்டி அனுப்பினாள்.

இரண்டே நிமிஷத்தில் பதில் வந்தது. மேனேஜர் வருத்தம் தெரிவித்து, உடனே அனுப்புவதாகச் சொன்னார். ஆனால் செல்வம் ஏர்போர்ட் போய்ச் சேர்வதற்குள் விமானம் கிளம்பிவிட்டது.

மாமாவை ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம், "ஏன் இன்னைக்கு எடுக்கல?" என்று கேட்டார்கள். "வாத்தியாரு லெட்டர் எழுதிக்கிட்டு இருந்தாருங்க" என்று யாரோ என்னைக் கை காட்டினார்கள். எழுந்து போய்விடலாம் போலிருந்தது. போக முடியவில்லை.

செல்வம் மறுநாள் மத்தியானம் வந்து பெட்டிமேல் விழுந்து அழுதான். மன்னிப்புக் கேட்கப் போனேன். தமிழிலும் எனக்கு வார்த்தை வரவில்லை. அத்தைதான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க மாப்ள. ஒங்களால அவரு இன்னும் ஒரு நாளு எங்ககூட இருந்துட்டுப் போறாரு."

அந்த இரண்டு நாளில் அப்போதுதான் நான் அழுதேன்.

மலர் இன்று என் மனைவி. வெளியே கிளம்பும்போது எந்தச் சட்டை போடுவது என்று நான் யோசித்து நின்றால், "ஒங்கப்பா அர்ஜென்ட்டா எமர்ஜென்சியான்னு பாத்துக்கிட்டு இருக்காரு, நீங்க போயி ஆட்டோவுல ஏறுங்க" என்று பிள்ளைகளிடம் சொல்வாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், சுவரில் மாமா படம் இருக்கிற பக்கம் மட்டும் பார்க்காமல்.