ஓடைக்கு மார்க் போடுகிறவர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் நீங்களும் நானும் கட்டிலைத் தூக்குவோம். இவர் அட்டையில் செருகிய தாளைத் தூக்குவார். உங்கள் தெருவிலும் ஒருவர் கட்டாயம் இருப்பார், தேடிப் பாருங்கள். எங்கள் தெருக்காரருக்குப் பட்டியல்காரர் என்று பெயர். பரீட்சைத் தாள் திருத்தியே ஓய்வு பெற்றவர். கை சும்மா இருக்குமா?

எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஓர் ஓடை போகிறது. மழை பெய்தால் அது முதலில் நுழைவது பட்டியல்காரருக்கு அடுத்த வீட்டில், தையல்கார அக்காவின் அறைக்குள். அவளுக்கு இருப்பது ஒரே மெஷின். அதன் மோட்டார் ஏற்கெனவே இரண்டு முறை நனைந்துவிட்டது, இன்னொரு முறை நனைந்தால் பிழைக்காது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். ஆகவே வெள்ளத்தைக் குறைக்க ஒரு குழு போட்டோம். தலைவர் யார் என்று சொல்ல வேண்டுமா?

ஓடையைத் தூர் வாருவது, கரையை உயர்த்துவது, பாலத்தடிக் குழாயைப் பெரிதாக்குவது, மேட்டு மைதானத்தில் தண்ணீர் தேங்கக் குட்டை வெட்டுவது என்று நான்கு யோசனைகள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டார்.

"குட்டைதான் சார் முந்துது. ஆரம்பிச்சிடலாமா?" என்றார் பால்காரர்.

"அவசரப்படாதீங்க. கொசுவுக்கு ஒரு கட்டம் போட மறந்துட்டேன்."

குட்டை தோற்றது. குழாய் முந்தியதும் 'வேலை நடக்கும்போது சத்தம்' என்று இன்னொரு கட்டம் முளைத்தது. இப்படியே ஏழு கூட்டம் கூடி, நான்கு யோசனைகளும் சரிசமமாக ஆறரை வாங்கி நின்றபோது, பட்டியல்காரர் முகத்தில் தெரிந்த திருப்தியைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்!

அப்போதுதான் அக்கா எழுந்தாள்.

"சார், ஓடை மேல சிமெண்ட் தளம் போட்டு உங்க காரை நிறுத்தியிருக்கீங்களே, அந்தத் தூண்ல குப்பை சிக்கித்தான் தண்ணி எதிர்த்து எங்க வீட்டுக்குள்ள ஏறுது. அதை எடுத்தா எத்தனை மார்க்?"

பட்டியல்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது பாடத்திட்டத்துலயே இல்லம்மா."

எட்டாவது கூட்டத்துக்குள் மழை முந்திக்கொண்டது. நான் ஓடிப் போனபோது அக்காவும் அவள் மகளும் மெஷினை மேசைமேல் ஏற்றத் திணறிக்கொண்டிருந்தார்கள். பட்டியல்காரரும் அங்கேதான் இருந்தார், முழங்கால் தண்ணீரில், அக்காவின் கழுத்திலிருந்தே வாங்கிய டேப்பும் பென்சிலுமாக.

"சார், அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க!"

"அளக்கிறப்ப கை ஆடக் கூடாதும்மா. ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். அருமையான தகவல்!"

நான் கதவிலிருந்து எட்டிப் பிடிப்பதற்குள் மெஷின் மோட்டாரோடு சரிந்து தண்ணீருக்குள் விழுந்தது. அவர் சுவரில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அடுத்த கூட்டத்தில் அக்கா சுருக்கமாகக் கேட்டாள். "ஓடை மேல கட்டினதை எல்லாம் இடிக்கிறதை அஞ்சாவது யோசனையா எழுதணும். சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க."

பால்காரரின் மாட்டுக்கொட்டகை பாதி ஓடைக்குள் நிற்கிறது. அவர் கூரையைப் பார்த்தார். கடைசி வீட்டு மாமாவின் சமையலறையும் அப்படியே. அவருக்கு இருமல் வந்தது. என் ஆத்திரம் எங்கே போனது என்கிறீர்களா? என் வீட்டுத் துணி துவைக்கும் மேடை ஓடைக்குள் மூன்றடி நீண்டிருக்கிறது. நான் தரையைப் பார்த்தேன்.

பட்டியல்காரர், யோசனை சொன்ன அக்காவைக் கணக்கில் சேர்க்காமல், கை தூக்கியவர்களை எண்ணி, சுத்தமாக ஒரு பூஜ்யம் போட்டார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்து, உங்கள் சுவர் எதுவரை போயிருக்கிறது என்று ஒரு தடவை அளந்து பாருங்கள். டேப் இல்லையென்றால் அக்காவிடம் கேளுங்கள், தாராளமாகக் கொடுப்பாள். இப்போது அவளுக்கு அதில் வேலை இல்லை.