டிரசீனா குடித்த கொயினா மருந்து

மதுரை ஜில்லாவிலேயே மனிதருக்கு மருந்து கலந்துகொண்டே செடிக்கு வைத்தியம் பார்த்த ஒரே ஆள் எங்கள் டிரசீனா கம்பவுண்டர்தான். 1930களில் மாசி வீதி டாக்டர் ஒருவரிடம் வேலை பார்த்தார். அவருடைய நிஜப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கும். அந்த அம்மாள்தான் புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாதே.

டிரசீனா என்பது, சீமைக்குத் திரும்பிய ஒரு துரை டாக்டரிடம் விட்டுப்போன தொட்டிச் செடி. சோளத்தோகை மாதிரி நீள நீளமாக இலை. நோயாளிகள் உட்காரும் கூடத்தில், வெயில் விழாமல் வெளிச்சம் மட்டும் படுகிற மூலையில் அதைக் கம்பவுண்டர் வைத்திருந்தார். ஈரப் பஞ்சால் இலை இலையாகத் துடைப்பார். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் தண்ணீர். அதற்குள் நாம் நீட்டிய நாக்கும் காய்ந்துவிடும்.

"டிரசீனாவுக்கு இன்னைக்கித் தண்ணி வேணாம்" என்று ஒருநாள் அவர் உள்ளே குரல் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த திருமங்கலத்துப் பெரியவர் என் காதோடு, "யாரு தம்பி அந்தப் பொண்ணு? வேதக்காரப் புள்ளையா, கிறிஸ்தவப் பேராட்டம் இருக்கே? பாவம், தண்ணியக்கூடக் குடுக்க மாட்டேங்குறாகளே" என்றார்.

நான் அப்போது பள்ளிக்கூட வாத்தியார். மலேரியா முறைக்காய்ச்சலுக்காகத் தினமும் அங்கே போய்க் கொயினா மருந்து குடித்துவர வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் டிரசீனாவின் இலை நுனியெல்லாம் கருகத் தொடங்கியது. கிணற்றுத் தண்ணீர் உப்பு என்று வைகை ஊற்றுத் தண்ணீரைக் குடத்தில் தோளில் சுமந்து வந்தார் கம்பவுண்டர். தேறவில்லை. அடித்தண்டு அழுக ஆரம்பித்தது. டாக்டர் கூப்பிட்டு, "வாறவன் கண்ணுல மொதல்ல படுறது இதுதான்யா. என் செடியே இப்படிக் கெடந்தா என்னை நம்பி எவன் கைய நீட்டுவான்? ஞாயித்துக்கெழமைக்குள்ள தேறலைன்னா தூக்கிப் போட்டுரும்" என்று சொல்லிவிட்டார்.

கம்பவுண்டருக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை காலை, மண்ணில் உப்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்க, தொட்ட விரலை நாக்கில் வைத்தார். முகம் கோணிப்போயிற்று.

"கசக்குது. இது கொயினால்ல?" என்று கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். "எவரு ஊத்துனது?"

பெஞ்சில் இருந்த ஏழு பேரும் விட்டத்தை ஆராய்ந்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"நான்தாண்ணே. நீங்க அந்தப் பக்கம் திரும்பையில ஊத்திட்டேன். கசப்புத் தாங்கல."

"எம்புட்டு நாளா?"

"பதினஞ்சு நாளாண்ணே."

விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "அப்ப ஒங்க காய்ச்சல் எப்படி விட்டுச்சு?"

"அதுவா விட்டுருச்சுண்ணே."

செடி அழுகியதைவிட இதுதான் அவரை உட்கார வைத்துவிட்டது. திட்டியிருந்தால் தேவலை. கத்தியை எடுத்துவந்து, அழுகாத மேல்தண்டை ஒரு சாண் அளவுக்கு வெட்டி, ஈர மணல் நிரப்பிய பழைய மருந்து ஜாடியில் நட்டார். மிச்சத்தைக் குப்பையில் போட்டுவிட்டு அலமாரிக்குப் பின்னால் ஜாடியை ஒளித்து வைத்தார். உசிரோடு இருந்ததை இந்தக் கதிக்கு ஆளாக்கினோமே என்று நான் வெட்கத்தில் அந்தத் தெருப் பக்கமே தலைகாட்டவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். நான் வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தபோது வகுப்பு வாசலில் மூச்சு வாங்க வந்து நின்றார். அங்கே நோயாளிகளைக் காக்கப்போட்டுவிட்டு வந்திருந்தார்.

"வாத்தியாரே, மொளை விட்டுருச்சு. பச்சைப்பசேல்னு ரெண்டு."

"டாக்டர்கிட்டச் சொல்லிட்டீங்களாண்ணே?"

"இன்னும் இல்ல. நீங்க அன்னையிலருந்து சரியாத் தூங்குறதில்லைன்னு ஒங்க வீட்டுல சொன்னாக. அதான் மொதல்ல இங்க ஓடியாந்தேன்."

பையன்கள் பார்க்கிறார்களே என்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த மனுஷர்மேல் அன்றைக்கு வந்த பிரியம் எனக்கு இன்னும் குறையவில்லை.