தட்டிக்கு அந்தாண்ட

"ஏழு பேருதான் வந்திருக்காங்க டீச்சர். இருபது இல்லேன்னா இங்கிலீஷ் மீடியத்துக்கு இன்னிக்கே மூடுவிழா," என்றார் ஹெட்மாஸ்டர் செல்லமுத்து.

எட்டாம் வகுப்பு இங்கிலீஷ் மீடியத்தில் இருந்ததே பதினோரு பேர். அதில் நாலு பேர் கடலை பறிக்கப் போய்விட்டார்கள். வகுப்பை மூடினால் புஷ்பவல்லி டீச்சரின் தற்காலிக வேலையும் போய்விடும். பெரம்பலூரில் வீடு பிடித்து அம்மாவைக் கூட்டிவந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

"இன்ஸ்பெக்டர் பூலாம்பாடி பஸ்ஸுல வந்துகிட்டிருக்காரு. தட்டிக்கு அந்தாண்டேருந்து பதிமூணு பிள்ளைங்களைக் கூட்டியாந்து உக்கார வைங்க. வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிடுங்க."

ஒரே கூடம், நடுவில் மூங்கில் தட்டி. அந்தப் பக்கம் கண்ணையன் சாரின் தமிழ் மீடியம். ஜூனிலிருந்து அங்கே ஒரு முணுமுணுப்புகூடக் கேட்டதில்லை. கண்ணாலேயே அடக்குகிறார் போலிருக்கிறது என்று டீச்சருக்கு வயிறெரியும். இவளோ தொண்டை வற்றக் கத்த வேண்டியிருந்தது, அதுவும் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை. முதலில் இங்கிலீஷில், பிறகு தமிழில். தமிழே கூடாது என்பது ஹெட்மாஸ்டர் உத்தரவு. ஆனால் தமிழில் சொன்னால்தானே பிள்ளைகள் முகம் தெளிகிறது? நல்லவேளை, அவர் அறை மைதானத்தின் மறுகோடியில் இருந்தது.

பதிமூன்று பேரும் வந்து பின்பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு இங்கிலீஷ் புத்தகம் ஏது? தமிழ் மீடியம் அறிவியல் புத்தகத்துக்கே காக்கி அட்டை போடச் சொன்னார் ஹெட்மாஸ்டர். பிரமாதமான யோசனை என்று அவரே சொல்லிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். தலைகளை எண்ணினார். நேரே கடைசி பெஞ்சுக்குப் போய், தட்டிக்கு அந்தாண்டேருந்து வந்திருந்த மலர்க்கொடியின் புத்தகத்தை எடுத்துப் பிரித்தார்.

"இதென்னம்மா, தமிழ்ப் புத்தகம்?"

ஹெட்மாஸ்டர் கூரையைப் பார்த்தார். டீச்சர் வாயில் உண்மைதான் வந்தது.

"நான் ரெண்டு பாஷையிலயும் சொல்லிக் குடுக்கிறேனுங்க சார்."

ஹெட்மாஸ்டர் முகம் சுண்டிப்போயிற்று.

"அப்படியா? அப்ப இந்தப் பொண்ணு ரெண்டுலயும் சொல்லட்டும். இலை எப்படிம்மா சாப்பாடு தயாரிக்குது?"

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள்.

மலர்க்கொடி எழுந்தாள். "த லீஃப் மேக்ஸ் ஃபுட் வித் சன்லைட், வாட்டர் அண்ட் கார்பன் டை ஆக்சைடு," என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "தமிழ்ல இதுக்கு ஒளிச்சேர்க்கைன்னு பேருங்க சார். இலையில பச்சையம் இருக்கணும்."

அடுத்தவனைக் கேட்டார். அவனும் சொன்னான். பதிமூன்று பேரும் சொன்னார்கள். அவர்களில் ஒருத்தி, கலியம்மாள், கேட்காத கேள்விக்கும் பதில் சொல்ல ஆரம்பித்து, அவளை உட்கார வைப்பதே பெரும்பாடாகிவிட்டது.

"பாடம்னா இப்படி நடத்தணும்," என்று இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார். "செக்ஷன் நீடிக்கட்டும். இந்த டீச்சரை நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே எழுதுறேன்."

"ரெண்டு பாஷையிலயும் நடத்தச் சொன்னதே நான்தானுங்க," என்றார் ஹெட்மாஸ்டர், கொஞ்சமும் கூசாமல்.

இன்ஸ்பெக்டர் தட்டிக்கு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் பஸ்ஸுக்குக் கிளம்பினார். டீச்சருக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. மலர்க்கொடியைக் கட்டிக்கொண்டாள்.

"கண்ணையன் சார் உங்களுக்கு இங்கிலீஷ்லயும் நடத்துறாரா? முதல்ல அவருக்குத்தான் நான் ஒரு கும்பிடு போடணும்."

"அவரு வந்ததும் மேசையில தலைய வச்சுத் தூங்கிடுவாருங்க டீச்சர்," என்றாள் மலர்க்கொடி. "நீங்க இந்தாண்ட கத்துறதுதான் எங்களுக்கும் பாடம். அது காதுல விழணும்னுதான் நாங்க வருஷம் பூரா மூச்சுக் காட்டாம இருந்தோம்."