பதினொரு மணிக்கு எழுதிய இரண்டு மணி ரீடிங்

எனக்கு ஜோதிடம் தெரியாது. ஆனாலும் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு உட்கார்ந்து, பிற்பகல் இரண்டு மணிக்கு என்ன நடந்தது என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அது பலிக்கவில்லை. அன்று ஒரு தொழிற்சாலையும் என் கல்யாணமும் சேர்ந்தே கெட்டுப் போயிருக்க வேண்டியது. இரண்டும் தப்பித்ததில் என் பங்கு ரொம்பக் குறைவு. தப்பிக்க வைத்தவர்களுக்கு இன்னும் நான் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் திருவனந்தபுரத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. பிளைவுட் ஒட்டுகிற பிசின் தயாரிக்கும் இடம். இரண்டு ஆள் உயரத்துக்கு மூடி போட்ட ஒரு எஃகுப் பாத்திரம் இருக்கும். அதுதான் ரியாக்டர், நான்தான் அதன் ஆபரேட்டர். (கரமனையில் எங்கள் தெருக்காரர்கள் நான் அணுமின் நிலையத்தில் இருப்பதாக வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். நானும் திருத்தப் போகவில்லை.)

வேலை என்னவென்றால், உள்ளே பிசினைக் காய்ச்சும்போது சூடு எண்பத்திரண்டு டிகிரியில் நிற்க வேண்டும். அந்தக் கலவைக்குத் தானாகவே சூடேறும் சுபாவம். அதனால் பாத்திரத்தைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். சூடு மிஞ்சினால் பிசின் உள்ளேயே பாறையாக இறுகிவிடும், பிறகு உளி வைத்துக் கொத்தித்தான் எடுக்க வேண்டும். அதையும் தாண்டினால் மூடி பிய்த்துக்கொண்டு போகும், பக்கத்தில் நிற்பவர்களும் போவார்கள். ஆகவே ஆபரேட்டர் மணிக்கு ஒரு தடவை மீட்டர்களைப் பார்த்து சூடு, அழுத்தம், தண்ணீர் ஓட்டம் எல்லாவற்றையும் லாக் ஷீட்டில் எழுத வேண்டும். சாம்பிள் எடுத்து லேபுக்குக் கொடுக்க வேண்டும். அடுத்த ஷிப்டுக்காரரிடம் நடந்ததைச் சொல்லி ஒப்படைக்க வேண்டும்.

ஐந்து மாதம் இப்படி எழுதியதில் எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. எண்பத்திரண்டு, எண்பத்திரண்டு, மறுபடியும் எண்பத்திரண்டு. இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் அசையாத ஒன்றை எதற்கு மணிக்கொரு தடவை எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும்? பேனா கையில் இருக்கும்போதே சேர்த்து எழுதிவிட்டால் என்ன? முதலில் ஒரு மணி நேரம் முன்கூட்டி எழுதினேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகு இரண்டு மணி நேரம். திருடனுக்கும் இப்படித்தான் தைரியம் வந்திருக்கும்.

அந்த நாள் என் ஆறு மாதப் பயிற்சிக் காலத்தின் கடைசி வாரம். அந்த வாரம் வேலை நிரந்தரமாகிவிடும் என்று தரகர் பெண் வீட்டாரிடம் சொல்லி வைத்திருந்தார். அவர்கள் மாலை நான்கு மணிக்கு எங்கள் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. எனக்கு ஆறிலிருந்து இரண்டு வரை ஷிப்ட். பெண்ணின் அப்பா நாகர்கோவில் பக்கம் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், எதையும் நிறுத்தி நிதானமாகக் கேட்பவர் என்று கேள்வி. மணியடித்ததும் பஸ்ஸைப் பிடிக்க வசதியாக, பதினொரு மணிக்கே பன்னிரண்டு, ஒன்று, இரண்டு மணிக் கட்டங்களை நிரப்பினேன். குறிப்பு என்ற இடத்தில் 'எல்லாம் நார்மல்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பன்னிரண்டு மணிக்கு எழுந்து சாம்பிளை மட்டும் எடுத்து லேபில் வைத்துவிட்டு, கண்ட்ரோல் ரூம் கண்ணாடி முன் நின்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் என் வேலையை எப்படி விளக்குவது என்று ஒத்திகை பார்த்தேன். 'எங்க வேலையில கண்ணு எப்பவும் மீட்டர்லதான் இருக்கும் மாமா' என்பது அதில் முக்கியமான வசனம். மீட்டர்கள் எனக்குப் பின்னால் இருந்தன.

இன்டர்காம் அடித்தது. லேபிலிருந்து ஸ்டெல்லா. களியக்காவிளைப் பக்கத்துத் தமிழ்ப் பெண், என் வயதுதான், வேலையில் என்னைவிட ஒரு வருடம் மூத்தவர்.

"சாம்பிள் தேன் கணக்கா இருக்கு. எண்ணெ மாதிரில்லா இருக்கணும்? டெம்பரேச்சர் எவ்வளவு?"

நான் மேஜையில் இருந்த தாளைப் பார்த்தேன். என் கையெழுத்துதான், என்றாலும் அச்சடித்ததுபோல் நம்பினேன். "எண்பத்திரெண்டு" என்றேன்.

"மீட்டரப் பாத்துச் சொல்லுதியளா, தாளப் பாத்துச் சொல்லுதியளா?" என்று கேட்டார்.

திரும்பினேன். தொண்ணூற்று மூன்று.

எனக்குத் தெரிந்த சாமிகளின் பெயரெல்லாம் அந்த நேரத்தில் மறந்துபோனது. பழவங்காடிப் பிள்ளையார் மட்டும் மிஞ்சினார். தண்ணீர்க் குழாயின் ஃபில்டர் அடைத்து ஓட்டம் பாதியாகக் குறைந்திருந்தது. நான் பன்னிரண்டு மணிக்கு அந்த மீட்டரைப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். பாத்திரத்துக்குச் சூடு கொடுக்கும் நீராவியை மூடினேன். இரும்புப் படியில் ஏறி, ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போகும் பைபாஸ் வால்வைத் திருகினேன். வெகுநாள் திறக்காத வால்வு, அசையவில்லை. அலாரம் அலற ஆரம்பித்தது. ஸ்டெல்லா வெள்ளைக் கோட்டோடு ஓடி வந்து ஒரு நீளக் குழாயைக் கையில் கொடுத்தார். அதைச் செருகி இரண்டு பேருமாகத் தொங்கியதில் வால்வு திறந்தது. சூடு தொண்ணூற்றேழு வரை போய், அங்கேயே யோசித்து நின்று, இறங்கியது.

ஷிப்ட் இன்சார்ஜ் நாயர் சார் வந்து சேர்ந்தபோது பிசின் இறுகாமல் பிழைத்திருந்தது. அவர் லாக் ஷீட்டை எடுத்துப் படித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இப்போ சமயம் எத்தறயாயி?"

"பன்னிரண்டே முக்கால், சார்."

"அப்போ ரெண்டு மணிக்கு எண்பத்திரண்டு எங்ஙனெ வந்நு?"

பூமி பிளந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். அது சிமென்ட் தரை. எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன். சார் ஸ்டெல்லாவிடம் என்ன நடந்தது என்று கேட்டார். நான் தாளைப் பார்த்துச் சொன்னதை அவர் மறைக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு, "சார், அலாரம் அடிச்சப்ப இவரு வெளிய ஓடல்ல. பைபாஸத் தொறக்கத்தான் ஓடினாரு. அதையும் எழுதணும்" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் என் வேலையைக் காப்பாற்றியது. விசாரணையெல்லாம் பிற்பாடு நடந்தது. நிரந்தரம் இல்லை, வேலையை விட்டு எடுக்கவும் இல்லை. இன்னும் ஆறு மாதம் பயிற்சி என்று மேலிடத்தில் பேசிவிட்டு அன்றைக்கே சார் சொல்லிவிட்டார்.

வீடு போய்ச் சேரும்போது ஐந்தரை. சட்டையெல்லாம் துருவும் பிசினும். பெண் வீட்டார் காத்திருந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வேலை நிரந்தரமாகிவிட்டதா என்று நேராகக் கேட்டார். அவர் தோளுக்குப் பின்னால் நின்று அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். நான் ஒத்திகை பார்த்த வசனத்தை எடுத்தேன். 'எங்க வேலையில கண்ணு' வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. ஒரே நாளில் இரண்டாவது பொய்யை எழுத என்னால் முடியவில்லை. நடந்ததை முழுசாகச் சொன்னேன்.

அவர் முகம் போன போக்கை இன்றும் மறக்கவில்லை. "வண்டி வாறதுக்கு முந்தியே வந்தாச்சுன்னு எழுதிட்டீரு" என்றார். பிறகு காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, ஆறு மாதம் கழியட்டும், பார்க்கலாம் என்று எழுந்துபோனார். அம்மா என்னோடு நான்கு நாள் பேசவில்லை.

ஆறு மாதம் கழித்து அவர் சொன்னபடியே வந்தார், எங்கள் வீட்டுக்கு அல்ல, தொழிற்சாலைக்கு. நாயர் சாரைப் பார்த்து என் லாக் ஷீட்களைப் பற்றி விசாரித்திருக்கிறார். கட்டங்களில் எண்பத்தொன்று, எண்பத்து மூன்று, எழுபத்தொன்பது என்று கண்டபடி எண்கள் இருப்பதாக சார் குறைப்பட்டுக்கொண்டாராம். அதைக் கேட்டுத்தான் எனக்குத் தன் மகள் மீனாவைக் கொடுக்க மாமா முடிவு செய்தார். உண்மையைச் சொன்ன அன்றே பாதி மனசு வந்துவிட்டது என்று வெகுகாலம் கழித்து ஒரு நாள் சொன்னார். நான் எழுந்து வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

கல்யாணம் கோயில் மண்டபத்தில். அன்று அங்கே நான்கு முகூர்த்தம். கூட்டத்துக்குப் பயந்த மண்டபத்துக் குமாஸ்தா, மாலை மாற்றுவதற்கு முன்பே பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்து, இன்ன நேரத்தில் தாலி கட்டியாயிற்று என்ற இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். சுபாவம் எங்கே போகும்? நான் பேனாவை வாங்கிவிட்டேன். சட்டென்று ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. மாமா.

"நடக்கட்டும் மாப்பிளே. பொறவு எழுதலாம்."

அந்தச் சமயத்தில் போட்டோக்காரர் படம் எடுத்துவிட்டார். ஆல்பத்தில் முதல் படமே அதுதான். மாமனார் ஏன் மாப்பிள்ளையின் கையை முறுக்குகிறார் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்காமல் இருப்பதில்லை. மீனா பதினொரு மணியிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொல்லுவாள். கடைசியில், "எங்க கல்யாணத்துல இவரு கைய மொதல்ல பிடிச்சது நான் இல்ல, எங்கப்பாதான்" என்று முடிப்பாள்.