முந்நூறு மைல், மூன்று மணி, என் நாத்தனார்

லோகன், நியூ மெக்சிகோ
வெள்ளிக்கிழமை மாலை

'நெடுஞ்சாலைத் தோழன்' மாத இதழின் ஆசிரியர் திரு. ஹோல்ம்க்விஸ்ட் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் இல்லத்தாரும் தங்கள் வண்டியின் அத்தனை டயர்களும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். கடிதத்தில் முதலில் நலம் விசாரிக்க வேண்டும், அடுத்து நன்றி சொல்ல வேண்டும், குறையை அதற்குப் பிறகுதான் எடுக்க வேண்டும் என்று டுபியூக் கான்வென்ட்டில் சிஸ்டர் யூலாலியா எங்களுக்குக் கற்பித்தார். நலம் விசாரித்துவிட்டேன். தண்ணீர்த் தொட்டியை வினிகர் ஊற்றிக் கழுவுவது பற்றி மார்ச் இதழில் எழுதியிருந்தீர்கள். மிகவும் பயனுள்ள கட்டுரை, நன்றி. இனி குறைக்கு வருகிறேன்.

மே இதழில் தாங்கள் ஒரு விதி வெளியிட்டிருந்தீர்கள். டிரெய்லர் வீட்டை இழுத்துச் செல்வோர் ஒரு நாளில் முந்நூறு மைலுக்கு மேல் ஓட்டக் கூடாது, முந்நூறு மைலோ பிற்பகல் மூன்று மணியோ எது முதலில் வருகிறதோ அங்கே நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. இதைத் தாங்கள் யாரைக் கேட்டு எழுதினீர்கள் என்று தெரியவில்லை. என்னைக் கேட்கவில்லை. மறைந்த என் கணவர் எல்மர் க்ளூஸ்னர் ஒரே நாளில் அறுநூறு மைல் ஓட்டுவார். ஒருமுறை கன்சாஸில் வண்டியோடும் டிரெய்லரோடும் கோதுமை வயலுக்குள் நுழைந்தார் என்பது உண்மை. அதை விபத்து என்று சொல்ல முடியாது. கண்ணை மூடியிருந்தார், அவ்வளவுதான். கோதுமைக்கும் பெரிய சேதமில்லை.

என் நிலைமையை விளக்கினால் தங்கள் விதி செய்த கொடுமை தங்களுக்கே புரியும். எல்மர் இறந்தபோது டிரக் எனக்கு வந்தது, டிரெய்லர் அவர் தங்கை வெர்னாவுக்குப் போனது. உயிலில் அப்படித்தான் எழுதியிருந்தார். வக்கீல் அதை இரண்டு முறை படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார், வெர்னா முகத்தைப் பார்த்தார், பிறகு தண்ணீர் குடித்தார். டிரக் இல்லாவிட்டால் டிரெய்லர் நகராது. டிரெய்லர் இல்லாவிட்டால் வழியில் எனக்குப் படுக்க இடமில்லை. ஆகவே நானும் வெர்னாவும் ஒன்றாகத்தான் பயணம் செய்ய முடியும். எல்மர் இதை யோசிக்காமல் எழுதிவிட்டார் என்றே இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வயதில் எனக்கு என்ன அவசரம் என்று தாங்கள் கேட்கலாம். எல்மரின் தம்பி மகள் ஜோலீனுக்கு அரிசோனாவில் டூசான் நகரத்தில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. குழந்தைக்கு எல்மர் என்று பெயர் வைக்கிறார்கள். இந்தக் காலத்தில் ஒரு பச்சைக் குழந்தைக்கு எல்மர் என்று பெயர் வைக்கத் தைரியம் வேண்டும், அந்தத் தைரியம் ஜோலீனுக்கு இருக்கிறது. வரும் ஞாயிறு பகல் பூசைக்குப் பிறகு ஞானஸ்நானம். ஞானத்தாய் நான். எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்தப் பெயரை ஒரு குழந்தையின் நெற்றிக்கு மேல் பாதிரியார் சொல்லும்போது குழந்தை என் கையில் இருக்க வேண்டும். இதைத் தவிர இந்த ஆண்டு நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

செவ்வாயன்று புறப்பட்டிருந்தால் தங்கள் விதிப்படியே போய்ச் சேர்ந்திருக்கலாம். வெர்னா முடி அலங்காரம் செய்பவள். கடையைப் பேருக்கு மூடிவிட்டாளே தவிர வாடிக்கையாளர்களை விடவில்லை. புறப்படும் காலையில் அவர்களில் ஒருவர் இறந்துபோனார். பெட்டியில் வைப்பதற்கு முன் தலைக்குச் சுருள் போட வேண்டுமாம்.

"இருபது வருஷமா என்கிட்டதான் வர்றாங்க அண்ணி. கலைஞ்ச தலையோட எப்படி அனுப்புறது?"

"அவங்களுக்கு இனிமே ஒரு அவசரமும் இல்ல. எனக்கு இருக்கு."

"சவ அடக்கத்துக்கு ஊரே வரும். என் கைவேலைய எல்லாரும் பாப்பாங்க!"

புதனன்றுதான் ஐயோவாவிலிருந்து கிளம்பினோம். நான் ஓட்டினேன். வெர்னாவுக்கும் வண்டி ஓட்டத் தெரியும். என் டிரக்கை அவளிடம் கொடுப்பதில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து தங்கள் விதியை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். பத்து மைல் போனதும் மறுபடி படித்தாள். அதோடு கைப்பேசியில் மூன்று மணிக்கு அலாரமும் வைத்துவிட்டாள். சேவல் கூவுகிற அலாரம். அது கூவியபோது மிசௌரியில் இருந்தோம். வெயிலில் கண் கூசியது, சாலை காலியாகக் கிடந்தது, எனக்குக் களைப்பே இல்லை. டிரெய்லர்கள் தங்கும் முகாம் ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தினோம்.

முகாமில் டிரெய்லரைப் பின்னால் தள்ளி இடத்தில் நிறுத்துவது என்ன வேலை என்று தாங்கள் அறிவீர்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் டிரெய்லர் மறுபக்கம் போகும். ஒரு பெண் அதைச் செய்கிறாள் என்று தெரிந்ததும் முகாமிலிருந்த ஆண்கள் அத்தனை பேரும் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். இரண்டு பேர் கையில் இறைச்சி திருப்பும் கரண்டியோடு வந்தார்கள்.

"லெஃப்டுல ஒடிங்கம்மா, லெஃப்டுல!"

"யோவ், அது உன் லெஃப்டு. அவங்களுக்கு ரைட்டு!"

"வரலாம், வரலாம், வரலாம்... நில்லுங்க! ஐயோ, நில்லுங்கன்னேனே!"

மரப் பெஞ்சு ஒன்று உடைந்தது. அதில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பெஞ்சு அங்கே இருந்திருக்கவே கூடாது என்று கரண்டிக்காரர்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

வியாழனன்று கன்சாஸ். மூன்று மணிக்குச் சேவல். நான்கு மணிக்குள் வெர்னா எங்கள் வாசலில் நாற்காலி போட்டு, துண்டு விரித்து, கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள். முகாமில் பாதிப் பேர் வரிசையில் நின்றார்கள். நான் உள்ளே ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மணியை உருட்டும்போதும், யாருடைய மருமகள் யாரை விட்டுப் போனாள் என்ற செய்தி ஜன்னல் வழியாக வந்தது. மூன்றாம் தேவரகசியத்துக்கு வந்தபோது எண்ணிக்கையை விட்டுவிட்டேன். ஏனென்றால் அந்த மருமகள் திரும்பி வந்தாளா என்று நானும் கேட்க வேண்டியிருந்தது.

இன்று நடந்ததைக் கவனமாகப் படியுங்கள். டெக்சாஸில் டால்ஹார்ட் ஊரைத் தாண்டும்போது சேவல் கூவியது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

"அண்ணி, மூணு மணி."

"இன்னும் அம்பது மைல்ல நியூ மெக்சிகோ எல்லை. அங்க கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால போகும். நாம போறப்ப அங்க மூணு ஆகியிருக்காது."

"உங்க உடம்பு டெக்சாஸ்லதான இருக்கு?"

"என் உடம்பு ஐயோவாக்காரி உடம்பு. அது நான் சொல்றதக் கேக்கும்."

எல்லையைத் தாண்டினோம். கணக்குப் பிசகவில்லை, மூன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. எனக்கு அப்போது ஏற்பட்ட திருப்தியை மறைக்க மாட்டேன். பத்து நிமிடம் கழித்து அதே சேவல் மறுபடி கூவியது. கைப்பேசி தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. அரிசோனாவில் கோடைக்காலத்தில் கடிகாரம் இன்னும் ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும், அப்படியானால் அங்கே மூன்றாவது முறையாக மூன்று மணி வரும். தங்கள் விதி எந்த ஊர் மூன்று மணியைச் சொல்கிறது? தாங்கள் எழுதவில்லை. ஒரு விதி எழுதுகிறவர் நாட்டின் வரைபடத்தை ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும்.

பெட்ரோல் போட லோகனில் நின்றோம். போட்டதும் பக்கத்து ஏரிக்கரை முகாமின் ஓரத்தில் வண்டியை நிறுத்தினேன். நான் காபி வாங்கிக்கொண்டு திரும்பியபோது வெர்னா தரையில் மண்டியிட்டிருந்தாள். ஜெபிக்கிறாள் என்று நினைத்தேன். டிரெய்லரின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துக்கொண்டிருந்தாள். சங்கிலியைக் கழற்றி, விளக்கு வயரைப் பிடுங்கி, முன்பக்கத் தாங்குகாலை இறக்கி, டிரெய்லரை என் டிரக்கிலிருந்து பிரித்தேவிட்டாள்.

"என்ன பண்ற நீ?"

"இது என் வீடு. இன்னிக்கு இங்கதான் நிக்கும்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள போய்ச் சேரணும் வெர்னா!"

"உங்க டிரக்குதான? தாராளமாப் போங்க. யாரு வேணாங்கறா?"

நான் போனேன். ஆம் ஐயா, போய்விட்டேன். எழுபத்தொன்பது வயதில் பின்னால் எந்தப் பாரமும் இல்லாமல் முதல்முறையாக அந்த டிரக்கை ஓட்டினேன். அது குதிரைக்குட்டி மாதிரி பாய்ந்தது. இந்த வேகத்தில் போனால் நாளையே டூசான் என்று கணக்குப் போட்டேன். டிரெய்லருக்காக எல்மர் பொருத்திய அகலக் கண்ணாடிகள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் பார்த்தேன். வெறும் சாலைதான் தெரிந்தது. டூக்கம்காரி என்ற ஊரருகே ஒரு லாரிக்காரன் குறுக்கே வந்தான். "பாத்தியா அவன" என்று பக்கத்து இருக்கையைப் பார்த்துச் சொன்னேன். இருக்கையில் அவளுடைய மூக்குக் கண்ணாடி மட்டும் கிடந்தது. அது இல்லாமல் அவளுக்குக் கத்தரிக்கோல் எங்கே போகிறது என்றே தெரியாது. யாராவது ஒருவர் காதை இழக்கப் போகிறாரே என்ற மனிதாபிமானத்தில் மட்டுமே வண்டியைத் திருப்பினேன்.

அவள் வாசல் படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வரிசையும் இல்லை, கத்தரிக்கோலும் இல்லை. முகம் வீங்கியிருந்தது.

"கண்ணாடிய விட்டுட்டுப் போயிட்ட" என்று நீட்டினேன்.

"உங்களுக்கு எல்லாம் வெளையாட்டா இருக்கு அண்ணி. அன்னிக்கு அந்த வயல்ல வண்டி கவுந்திருந்தா ரெண்டு பேரும் போயிருப்பீங்க. இப்ப அண்ணனும் போயிட்டான். நீங்களும் போயிட்டா நான் யாரோட சண்ட போடுவேன், சொல்லுங்க?"

இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சிஸ்டர் யூலாலியா கற்பிக்கவில்லை. காபி ஆறிப்போயிருந்தது, அதைக் கொடுத்தேன். அவள் குடித்தாள். டிரெய்லரை மறுபடி மாட்டுவாயா என்று கேட்டேன். காலையில் பார்க்கலாம் என்றாள். தங்கள் விதிப்படி நாளை முந்நூறு மைல் போனாலும் ஞாயிறு பகலில் நாங்கள் ஏதோ ஒரு பாலைவனப் பெட்ரோல் நிலையத்தில்தான் இருப்போம். அங்கே எந்தப் பாதிரியாரும் இருக்க மாட்டார்.

ஆகவே தங்களிடம் என் கோரிக்கை இதுதான். அந்த விதியை உடனே திரும்பப் பெற வேண்டும். இயலாவிட்டால், நல்ல உடற்கட்டும் தெளிந்த பார்வையும் ஞானஸ்நான அழைப்பும் உடையவர்களுக்கு விலக்கு உண்டு என்று ஒரு வரி அச்சிட வேண்டும். கையால் எழுதினால் வெர்னா நம்ப மாட்டாள். இந்தக் கடிதம் தங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான் வந்து சேரும் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் நியாயம் நியாயம்தான்.

தங்கள் பாதையில் குழிகள் இல்லாதிருக்கட்டும், தங்கள் பிரேக்குகளைப் பயணிகளின் பாதுகாவலரான புனித கிறிஸ்டோபர் காக்கட்டும், தங்கள் துணைவியாருக்கு என் அன்பு.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
மிசஸ் ரொசாலியா க்ளூஸ்னர்

பின்குறிப்பு: லோகன் தபால் நிலையத்தை மூடிவிட்டார்கள், அதனால் கடிதம் என் கைப்பையிலேயே தங்கிவிட்டது. சனிக்கிழமை விடியலில் எழுந்து வெளியே வந்தால் வெர்னா தலையில் சுருளிகளோடும் மடியில் தங்கள் இதழோடும் டிரக்கில் தயாராக உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏறுங்க அண்ணி."

"டிரெய்லர்?"

"அது இங்கயே கெடக்கட்டும். முகாம்காரர் பாத்துக்குவாரு, அவருக்குத்தான் நேத்து ராத்திரி முடி வெட்டிவிட்டேன். இதப் படிச்சுப் பாருங்க. டிரெய்லரை இழுத்துச் செல்வோர்க்குத்தான் விதி. நாம எதையாவது இழுக்குறோமா?"

நாற்பது ஆண்டுகளாக அவளை எனக்குத் தெரியும். இவ்வளவு சட்ட அறிவு அவளிடம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அன்று மூன்று மணிக்குச் சேவல் கூவியபோது அவளே அதை அணைத்தாள். "கொஞ்சம் இந்தப் பக்கம் நகருங்க" என்றாள். நகர்ந்தேன். என் டிரக்கை அவள் மோசமாக ஓட்டவில்லை என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். அவளிடம் சொல்லவில்லை.

ஞாயிறன்று குட்டி எல்மர் என் கையில்தான் இருந்தான். நெற்றியில் தண்ணீர் பட்டதும் அழவில்லை. வழி தவறியதை ஒப்புக்கொள்ளாத ஒரு மனிதரின் முகத்தோடு என்னை உற்றுப் பார்த்தான். எனக்குப் பழகிய முகம்.

டிரெய்லரை மாட்டிக்கொண்டு இப்போது ஊர் திரும்பிக்கொண்டிருக்கிறோம். தங்கள் விதியைத் திரும்பப் பெற வேண்டாம், அது அருமையான விதி. முந்நூறு மைல்கூட அதிகம் என்றே கருதுகிறேன். நேற்று எழுபது மைல் வந்தோம். இன்று மணி பதினொன்று ஆகிறது, இன்னும் கிளம்பவில்லை. நான் மேசை முன் உட்கார்ந்து எழுதுகிறேன், வெர்னா டிரக்கில் உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறாள். "வாங்க அண்ணி, ஊர்ல எல்லாரும் தலைய விரிச்சிப் போட்டுக்கிட்டு எனக்காகக் காத்திருக்காங்க!" என்று கத்துகிறாள். ஊருக்குப் போனால் அவள் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், என் வீடு இந்தப் பக்கம்.

ஒரு நாளில் இவ்வளவு மைலாவது போயாக வேண்டும் என்று குறைந்தபட்ச விதி ஏதாவது உண்டா? இருந்தால், தயவுசெய்து வெளியிட்டுவிடாதீர்கள். வெர்னா தங்கள் இதழை ஒரு வரி விடாமல் படிக்கிறாள்.