வியாழக்கிழமைகளில் வாய் திறக்காதது பற்றி

க்ரிம்ஸ்பி,
மே மாதம், திங்கட்கிழமை

‘கோலும் குழியும்’ மாத இதழின் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

காலஞ்சென்ற கிளைவ் மம்பியின் மனைவி நோரீன் மம்பி வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் வீட்டாரும் அச்சகத்தில் வேலை செய்கிறவர்களும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நான் நலம், பூனை நலம். கிளைவ் பிப்ரவரியில் போய்விட்டதால் அவர் நலத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பதினைந்து வயதில் படிப்பை விட்டு மீன் கூடத்தில் கத்தி பிடிக்கப் போனவள் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். தங்கள் இதழை இனி இந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். ஒரு வரியில் முடிகிற சங்கதிதான். ஆனால் தாளை எடுத்தாயிற்று, முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

தங்கள் இதழின் நான்காம் பக்கத்தில் ‘தானாய் ஓடும் கை’ என்று மாதாமாதம் எழுதுகிறீர்களே, அதைக் கிளைவ் பதினொரு வருடம் கத்தரித்துச் செருப்புப் பெட்டியில் சேர்த்துவைத்தார். மனத்தைக் காலி செய், தோளைத் தளர விடு, நாலு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு, நீ ஆடாதே, கோல் தானே ஆடும். இதுதானே ஐயா எல்லா மாதமும்? நிதானமாக இருக்க அந்த மனிதர் பட்ட பாட்டில்தான் அவருக்கு இரத்தக் கொதிப்பே வந்தது. ‘மூன்று நங்கூரம்’ பப்பில் வியாழக்கிழமை சாயங்காலம் பில்லியர்ட்ஸ் மேசையில் லீக் ஆட்டம். ஆகவே வியாழக்கிழமை காலை முதல் வீட்டில் யாரும் பேசக் கூடாது. யாரும் என்றால் நான்தான். அவர் கூடத்துக் கம்பளத்தில் மல்லாந்து படுத்துத் தோளைத் தளர்த்துவார், பூனை நெஞ்சின் மேல் ஏறி உட்காரும், பூனையைத் தள்ளினால் காலி செய்த மனம் மறுபடி நிறைந்துவிடும் என்று அப்படியே கிடப்பார். ஒரு வியாழக்கிழமை வெந்நீர்க் கொதிகலன் வெடித்தது. ‘கொதிகலன் வெடித்துவிட்டது’ என்று தாளில் எழுதி அவர் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றேன். கண்ணை மூடி ஆறு எண்ணிக்கொண்டிருந்தார். தண்ணீர் கம்பளத்துக்கு வந்து, அவருக்கு முன்னால் பூனைதான் எழுந்தது.

இத்தனைக்கும் பிறகு, போட்டால் ஜெயம் என்கிற கடைசிக் கறுப்புப் பந்தைத் தவறவிட்டுவிட்டு வந்து நிற்பார். “காலைல நீ இருமுனே பாரு, அது கரெக்டா கறுப்ப அடிக்கறப்ப மனசுக்குள்ள வந்துடுச்சு” என்பார். நானும் பதினொரு வருடம் இருமலை வெள்ளிக்கிழமைக்கு ஒத்திவைத்தேன்.

அடக்கம் முடிந்து ‘மூன்று நங்கூர’த்தில் பன்றி இறைச்சி சாண்ட்விச் கொடுத்தோம். அணித் தலைவர் ராய் ஓட்லிங் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு வந்தார். “நோரீன், கிளைவ் பேர்ல ஒரு கோப்பை நடத்தலாம்னு பசங்க ஆசைப்படறாங்க. ஜெயிக்கறவனுக்கு அவன் கோலையே பரிசா கொடுத்துடலாமா?” அன்று எல்லாவற்றுக்கும் நான் ‘சரி’தான் சொன்னேன். தேநீர் சூடா என்றார்கள், சரி என்றேன். கிளைவுக்குப் பிடிக்காத பாட்டைத் தேவாலயத்தில் பாடலாமா என்றார்கள், சரி என்றேன். இதற்கும் சரி என்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து, கோல் சாத்தியிருந்த படுக்கையறை மூலையைப் பார்த்த பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. அந்தக் கோலின் பிடியில் அவர் கட்டைவிரல் பட்டுப் பட்டு ஒரு பள்ளம் இருந்தது. வேறு எதிலும் அவர் விரல் இல்லை.

எங்கள் ஊரில் நம் காலை மிதித்தவனிடம் நாம்தான் மன்னிப்புக் கேட்போம். ஆனால் கொடுத்த வாக்கைத் திருப்பிக் கேட்க மாட்டோம். ராய் வந்து கோலை எடுத்துப்போன பிறகு ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். பப் நடத்துகிற தெல்மாவிடம், “அந்தக் கோல் இல்லாம மூலையே வெறிச்சுன்னு கெடக்கு” என்றேன்.

“ஒரு பூந்தொட்டி வாங்கி வையேன்” என்றாள்.

ராயே ஒருநாள் கேட்டார், “கோல் விஷயத்துல உனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லையே?”

“சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்றேன். நாக்கை வெட்டிப் போடலாம் போலிருந்தது. மிச்சமிருந்தது ஒரே வழிதான். “ஆனா என் பேரையும் போட்டிக்கு எழுதிக்கோங்க” என்றேன்.

“ஒனக்கு ஆடத் தெரியுமா?”

“தெரியாது. ஒங்களுக்குத் தெரியுமா?”

ஆறு வாரம், காலையில் தெல்மா தரை துடைக்கிற நேரத்தில் போய்ப் பழகினேன். செருப்புப் பெட்டியையும் கொண்டுபோனேன். தாங்கள் சொன்னபடி மனத்தைக் காலி செய்தேன் ஐயா. உடனே கிளைவ் வந்து உட்கார்ந்துகொண்டார். காலி இடம் கண்டால் உட்காருகிற ஆள் அவர். நான் மேசைமேல் கவிழ்ந்து அழ, பச்சைத் துணி நனைந்துவிட்டது என்று தெல்மா ஒரு விசிறியைக் கொண்டுவந்து வைத்தாள்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பதினாறு பேர். முதல் ஆட்டம் எனக்கும் ராய்க்கும். அவரும் தங்கள் வாசகர்தான். கண்ணை மூடினார், மூச்சை இழுத்தார், அடித்தார், போகவே கூடாத வெள்ளைப் பந்து மட்டும் குழிக்குள் போனது. என் முறை வந்தது. அப்போதுதான் மீன் கூடம் ஞாபகம் வந்தது. முப்பத்தொரு வருடம் ஹாடக் மீனுக்கு முள் எடுத்திருக்கிறேன், ஒருநாளும் கத்தியைப் பார்த்து வேலை செய்ததில்லை. வாய் பக்கத்துக்காரியோடு பேசும், கை தன்பாட்டுக்குப் போகும். மேஸ்திரி சொல்வார், “நோரீன் வாய மூடினா மீனு நின்னுடும்.” சரி என்று பேச ஆரம்பித்தேன்.

“கிளைவ், ஒங்க அக்கா சுவர்க் கடிகாரத்த எடுத்துட்டுப் போய்ட்டா. நீங்க தர்றதா சொன்னீங்களாம்.” என் மஞ்சள் பந்து ஒன்று உள்ளே. “ஒங்க சாம்பல் நிறச் சட்டைய தானம் கொடுத்துட்டேன், அது ஒங்களுக்கு நல்லாவே இல்ல, இருபது வருஷமா சொல்லல.” இன்னொன்று.

“யார்கிட்ட பேசுற நோரீன்?” என்றார் ராய்.

“அவர்கிட்டதான். நீங்க ஒங்க மூச்ச எண்ணுங்க.”

இப்படியே மூன்று பேரை ஜெயித்தேன். கடைசி ஆட்டத்துக்கு வந்தவர் பக்கத்து ஊர் க்ளீதார்ப்ஸ்காரர், பெயர் டட்லி ஸ்டாம்ப், சுவரொட்டி பார்த்து வந்தவர். இரண்டு கையிலும் உறை, கோலுக்குத் தோல் பெட்டி. பாதி ஆட்டத்தில் நடுவராக நின்ற தெல்மாவிடம் திரும்பினார். “இந்தம்மா ஓயாமப் பேசறாங்க, என் கவனம் கலையுது!”

“அவங்களுக்குக் கலையலையே தம்பி” என்றாள் தெல்மா.

கடைசியில் கறுப்புப் பந்து ஒன்றுதான் எனக்கு மிச்சம். அதற்குள் கடிகாரம், சட்டை, கொதிகலன் எல்லாம் பேசித் தீர்ந்துவிட்டது. பேசாமலே வைத்திருந்தது ஒன்றுதான் பாக்கி. “கிளைவ், நீங்க போன அன்னிக்குக் காலைல ஒங்க மூஞ்சி சாம்பலா இருந்துச்சு. என்ன பண்ணுதுன்னு கேக்க வாயெடுத்தேன். வியாழக்கெழமையாச்சேன்னு விட்டுட்டேன்.” கறுப்புப் பந்து எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. குழிக்குள் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. யாரும் கை தட்டவில்லை. ஸ்டாம்ப் ஒரு கை உறையைக் கழற்றிவிட்டு, “அவரக் கூட்டிட்டுப் போங்கம்மா” என்று கிளைவின் கோலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

ஆகையால் ஐயா, கை தானாய் ஓடுவதற்கு மனத்தைக் காலி செய்ய வேண்டியதில்லை. நான்காம் பக்கத்தை நிறுத்துங்கள். நிறுத்த முடியாவிட்டால் அடியிலாவது ‘வீட்டில் இருப்பவர்கள் பேசலாம்’ என்று ஒரு வரி அச்சிடுங்கள். இதழை இனி அனுப்பாதீர்கள். தங்களுக்கு நீண்ட ஆயுளும், தங்கள் வீட்டம்மாவுக்கு ஏழு நாளும் பேச்சும் கிடைக்க வேண்டிக்கொள்ளும்,

நோரீன் மம்பி

பி.கு.: இதை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. அதற்குள் பப்பில் வேலை செய்கிற பெண் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். ராய் கோலைத் திருப்பிக் கொடுக்கத்தான் ஆசைப்பட்டாராம், கொடுத்தால் என் வாக்கை நான் மீறியது போல ஆகிவிடுமே என்று, எல்லாரும் என் பந்துகளைக் குழி வாயிலேயே தள்ளி வைத்துவிட்டு என்னிடம் தோற்றுவிடுவது என்று முன்பே பேசி முடித்துவிட்டார்களாம். ஸ்டாம்பை வாசலிலேயே பிடித்துச் சொல்லிவிட்டாராம். ஆகவே மேலே என் கையைப் பற்றி எழுதியதை எல்லாம் அடித்துவிடவும். இப்போது ராய் என்னைக் கிளைவ் இடத்தில் லீக் அணியில் போட்டிருக்கிறார். மூன்று வியாழக்கிழமை ஆடினேன், வாய் வலிக்கப் பேசினேன், ஒரு பந்துகூட விழவில்லை. மற்ற பப்காரர்களுக்கு நம் கதை தெரியாதல்லவா. அதனால் இதழை நிறுத்த வேண்டாம், நான்காம் பக்கத்தையும் நிறுத்த வேண்டாம், அந்தத் தோளைத் தளர்த்துவது எப்படி என்பதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடவும். பதில் எழுதினால் வியாழக்கிழமை வந்து சேராதபடி பார்த்து அனுப்பவும். அன்று காலையிலிருந்து நான் யாரோடும் பேசுவதில்லை, கிளைவைத் தவிர.