எதிரிக்கு நிழல் பிடித்த பங்கசு சேர்

எதிரியைப் பற்றி அத்தனை மரியாதையாகப் பேசிய மனிதர், அந்த யுத்தத்தின் கடைசி வருடங்களில் இலங்கை முழுவதிலும் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் பங்கசு சேர். பயந்துவிடாதீர்கள், அவருடைய எதிரி துப்பாக்கி தூக்கிய ஆள் இல்லை. உருளைக்கிழங்குச் செடியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கவைத்து அழுகச்செய்யும் ஒரு நோய்க்கிருமி.

பேராதனைப் பக்கத்தில் பயிர் நோய்களை ஆராயும் ஓர் அலுவலகத்தில் அவர் விஞ்ஞானி, நான் கிளார்க். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், குண்டசாலையில் குடியிருந்தார். நான் கண்டி மஹய்யாவப் பெண். பங்கசு, அதாவது பூஞ்சணம், என்ற பட்டத்தின்மேல் அவருக்குக் கடும் கோபம். கேலி செய்கிறோம் என்பதற்காக இல்லை, விஞ்ஞானப்படி பிழை என்பதற்காக. அந்தக் கிருமி பங்கசே இல்லையாம், பங்கசு மாதிரி வேஷம் போடும் பாசியின் உறவுக்காரனாம். இதை வாசல் காவலாளி முதல் பணிப்பாளர் வரை எல்லோருக்கும் விளக்கியிருக்கிறார். எல்லோரும் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, "சரி, பங்கசு சேர்" என்றார்கள்.

கிருமியின் தந்திரத்தைச் சொல்ல ஆரம்பித்தாரென்றால் தேநீர் ஆறி ஆடை கட்டிவிடும்.

"பிள்ளை, உவன் கதவை உடைக்கிற விசரன் இல்லை. முதல்லை சின்னச் சின்னப் புரதங்களை அனுப்புவான். செடி தன்னைக் காக்க வச்சிருக்கிற கத்தியை ஒண்டு மழுக்கிப்போடும். மற்றது உள்ளுக்கை போய்க் காவல்காரனை நித்திரையாக்கும். பிறகுதான் துரை ஆறுதலா வந்து சாப்பிட இருப்பார்."

சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். மகனுக்கு வைத்தியப் படிப்புக் கிடைத்த தகப்பனுக்குக்கூட அந்தப் பூரிப்பு வராது.

ஒருமுறை எங்கள் அலுவலக நண்பர் ஒருவருக்குக் கம்பளையில் கல்யாணம். மாடியில் எங்கள் கல்யாணம், கீழே வேறு யாரோ ஒருவருடையது. சேர் கீழே நுழைந்துவிட்டார். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டார் என்று நினைத்தார்கள். சந்தனம் தந்து, முன்வரிசைக் கதிரையில் இருத்தி, பாயசத்தை வற்புறுத்தி இரண்டாம் தடவையும் ஊற்றியிருக்கிறார்கள். நாங்கள் தேடிப் பிடித்து இழுத்துவந்தபோது வெட்கப்படுவார் என்று பார்த்தால், கையைத் துடைத்துக்கொண்டே, கிருமி அனுப்பும் புரதமும் இப்படித்தான் வேலை செய்கிறது என்றார். நீங்கள் யார் என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும், அந்தக் கல்யாண வீட்டில் ஒரு பாயசம் மிஞ்சியிருக்கும் என்றார்.

அப்படிக் கேட்கத் தெரிந்த ஒரு கிழங்குச் செடியைத்தான் அவர் பல வருடங்களாக வளர்த்துக்கொண்டிருந்தார். அந்தச் செடி கெட்டிக்காரி. கிருமி அனுப்பும் புரதங்களில் ஒன்றை அடையாளம் கண்டதும், கிருமி தொட்ட இடத்து உயிர்க்கலங்கள் தாமாகவே செத்துவிடும். கிருமிக்குச் சாப்பாடு கிடைக்காது. இலையில் ஊசிமுனை அளவுப் புள்ளிகள் மட்டும் மிஞ்சும். எண்பத்து மூன்று கலவரத்தில் தன் வீடு எரிந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனிதர், இந்தப் புள்ளிகளைப் பற்றி அரை நாள் பேசுவார். அடுத்த போகத்தில் அந்தக் கிழங்கை விவசாயிகளுக்குக் கொடுக்க மேலிடம் முடிவு செய்துவிட்டது. சேருக்குப் பெரிய பதவி வரப்போகிறது என்றும் பேச்சு அடிபட்டது.

அந்த நேரம் பார்த்து, நுவரெலியாப் பக்கத்தில் நோய் புது மாதிரியாக அடிக்கிறது என்று செய்தி வந்தது. கிருமி அந்த ஒரு புரதத்தை மாற்றிக்கொண்டிருந்தால் செடிக்கு ஆளைத் தெரியாது. நம்பி நட்டவன் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். சேருக்குச் சோறு இறங்கவில்லை. புதுக் கிருமியை உயிரோடு கொண்டுவந்து தன் செடியில் விட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளாதீர்கள் என்று எல்லோரும் சொன்னோம். கேட்டால்தானே. அலுவலக வாகனத்துக்கு டீசல் இல்லை. அவருடைய சிங்களத்தை நம்பித் தனியே அனுப்ப முடியாது என்பதால், நானும் அவரோடு பஸ் ஏறினேன்.

நோய் பிடித்த இலைகளை ஈரக் காகிதத்தில் சுற்றி, ஐஸ் போட்ட ரெஜிபோம் நுரைப்பெட்டியில் வைத்துக்கொண்டு திரும்பினோம். சூடு பட்டால் கிருமி செத்துவிடும். கம்பளை தாண்டி ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். மரக்கறி என்று சொல்லுங்க சேர் என்று காதோடு கெஞ்சினேன். அழுகின இலையை ஆர் பிள்ளை மரக்கறி எண்டு நம்புவினம் என்றார். பெட்டிக்குள் என்ன என்று சிப்பாய் கேட்டான். சேர் நிமிர்ந்து நின்று, தனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொற்களில் மிகப் பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்து, "லெடக்" என்றார். ஒரு நோய் என்று அர்த்தம்.

அடையாள அட்டையில் யாழ்ப்பாணம், கையில் மூடிய பெட்டி, உள்ளே நோய். சிப்பாய் பெட்டியை நடு வெயிலில் வைக்கச் சொல்லிவிட்டுப் பின்வாங்கினான். பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது. நான் சிங்களத்தில், இது கிழங்கு ஆராய்ச்சி ஐயா என்று சமாளிக்க, சேர் நடுவில் புகுந்து இல்லை, நோயேதான் என்று என்னைத் திருத்தினார். இளம் அதிகாரி ஒருவர் வந்தார். இது மனிதர்களைப் பிடிக்குமா என்று கேட்டார். சேருக்கு மொழிபெயர்த்தேன்.

"ஓம்" என்றார் சேர். "காய்ச்சலா வராது. பசியா வரும். அதை அப்பிடியே சொல்லு பிள்ளை."

அப்படியே சொன்னேன். அதிகாரி கொஞ்சம் யோசித்தார். சேருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பழைய எதிரியின் முகத்தை மட்டும் தெரிந்துவைத்திருக்கும் காவல், புது எதிரியைக் கோட்டை விட்டுவிடும் என்று அந்தச் சாவடியையே கைகாட்டி விளக்கத் தொடங்கினார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. எனக்கும் வீட்டுக்குப் போக வேண்டும் அல்லவா?

அதிகாரி எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்தார். லைன் கிடைக்க வெகுநேரம் ஆனது. அதற்குள் சேர் அனுமதி கேட்டு, சட்டையைக் கழற்றிப் பெட்டிக்கு மேலே கூடாரம்போல் விரித்துப் பிடித்துக்கொண்டார். கண்டி வீதியில், போகிற வருகிற சனமெல்லாம் பார்க்க, பெனியனோடு நின்று தன் எதிரிக்கு நிழல் பிடித்தார். அந்தக் கிருமி செத்துப்போனால் அவருடைய கிழங்குக்கும் பதவிக்கும் நல்லது. பிழைத்தால்தான் கெடுதல். அது அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் அதிகாரியே ஒரு லொறியை மறித்து எங்களை ஏற்றிவிட்டார்.

கிருமி பிழைத்தது. சேர் அதைத் தன் செடியில் விட்டார். இம்முறை ஊசிமுனைப் புள்ளிகள் வரவில்லை. இலை முழுவதும் கறுத்துத் தொங்கியது.

பணிப்பாளர் அறையில் கூட்டம் நடந்தது. குறிப்பெடுக்க நானும் இருந்தேன். ஒரு பரிசோதனைதானே, இந்தப் போகம் கொடுத்துப் பார்ப்போம், வெளியில் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒருவர் இழுத்தார். சேர் எழுந்து நின்றார். தன்னுடைய கிழங்கு தோற்றுவிட்டது, அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் தானே தோட்டம் தோட்டமாகப் போய் நட வேண்டாம் என்று சொல்லப்போவதாகச் சொன்னார். கிழங்கு நிறுத்தப்பட்டது. பதவி வேறொருவருக்குப் போனது.

வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்தார்.

"கெட்டிக்காரன் பிள்ளை. முகத்தை மாத்திக்கொண்டு வந்திட்டான். நாளைக்கு முதல்லை இருந்து துவங்குவம்."

அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் பாவம் என்றார்கள். எனக்கு அவர் பாவமாகத் தெரியவில்லை. அன்று பின்னேரம் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஓர் அம்மாவிடம் முழுக் கதையையும் கொட்டிவிட்டேன். இப்படி ஒரு மனிதரோடு வேலை செய்கிறேன் என்ற பெருமையை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. எல்லாவற்றையும் கேட்டு முடித்த அந்த அம்மா, "அவரு உங்க அப்பாவா?" என்றார்.

இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.